கை சொன்ன சூடு, கால் சொன்ன சூடு

வீட்டில் யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். சிரித்தால் எனக்குப் பிடரியில் வலி வெட்டும். இருமினாலும் அப்படித்தான். தும்மினால் கேட்கவே வேண்டாம், பின்மண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே அடங்கிவிடும். என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. "உன்கிட்ட சிரிப்பா ஒரு வார்த்தை பேசணும்னா டாக்டர்ட்ட சீட்டு வாங்கியாரணும் போலயே" என்பார். அதற்கும் சிரிப்பு வரும், அதற்கும் வலிக்கும்.

காரைக்குடியில் எனக்கும் என் மதினிக்கும் பலகாரத் தொழில். மதினி என்றால் அண்ணன் மனைவி. அண்ணன் வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பின்கட்டில்தான் அடுப்புகள். கல்யாணச் சீருக்கு அதிரசம், தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று போட்டுக் கொடுப்போம். என் கணவர் கார் ஓட்டுகிறார், பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போவார். பலகார அடுப்படியில் தும்மாமல் இருக்க முடியுமா? மாவு பறக்கும், எண்ணெய் புகையும், பக்கத்து வீட்டில் மிளகாய் வறுப்பார்கள். தும்மலுக்குப் பயந்தே ஒரு தடவை மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. சிறுமூளையின் அடிநுனி, மண்டையோட்டுக்கு அடியில் இருக்கிற துவாரத்தின் வழியாகக் கழுத்துக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். பிறந்ததிலிருந்தே இருந்திருக்குமாம். கியாரி என்று அதற்குப் பெயர் சொன்னார். மூளை எப்படி இறங்கும் என்று நான் கேட்டேன். "இறங்கலம்மா, இடம் பத்தல, அதான் பிதுங்கி நிக்குது. நெறையப் பேருக்கு இருக்கும், தெரியாமலே வாழ்ந்துட்டுப் போயிருவாங்க. இப்போதைக்கு ஒன்னும் பண்ண வேண்டாம். வருசத்துக்கு ஒருதடவை வந்து காட்டுங்க. கை மரத்துப்போனா உடனே வாங்க" என்றார். என் கணவருக்கு மனசு ஆறவில்லை, இன்னொருவரிடம் காட்டினார். அவர் தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார். மூன்றாவதாக ஒருவர் கழுத்துக்குப் பட்டை போடச் சொன்னார். மூன்று பேரும் படித்தவர்கள், மூன்று பேரும் பார்த்தது ஒரே படம். ஊருக்குத் திரும்பும்போது பஸ் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப்போட, நான் பிடரியைப் பிடித்துக்கொண்டு எனக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம் வலி தானாகவே குறைந்தது. ஏன் குறைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தும்மினால்கூடப் பழைய வெட்டு இல்லை. வைத்தியத்தை விட்டுவிடலாம் என்று நாங்கள் யாரும் முடிவெடுக்கவில்லை. கல்யாண மாதம் வந்தது, அது முடிந்ததும் ஆடி வந்தது, அதற்குள் தீபாவளிக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வலியே இல்லாதபோது மதுரைக்குப் போய் என்னவென்று சொல்வது?

கை மரத்துப்போனால் வரச் சொன்னாரே, அதை மட்டும் நான் மறக்கவில்லை. காலையில் மாவு சலித்ததும் கையை விட்டு அளைந்து பார்ப்பேன். மாவு நன்றாகத் தெரியும். சலிப்பில் தப்பி வந்த ஒற்றை நொய் விரலில் நெருடுவதுகூடத் தெரியும். மரத்துப்போன கைக்கு நொய் தெரியுமா? அப்போது நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அடுப்பைப் பற்ற வைப்பேன்.

இந்தச் சமயத்தில்தான் என் கைக்குப் பேர் வந்தது. மாவுருண்டை பிடிப்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். வறுத்துத் திரித்த பாசிப்பருப்பு மாவில் சர்க்கரையைக் கலந்து, நெய்யைக் காய்ச்சிச் சூடாக ஊற்றி, அது ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் உருண்டை உதிரும். சூடாகப் பிடித்தால் கை பொறுக்காது. அதனால் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக நெய் விட்டு, ஊதி ஊதி, கையை உதறி உதறித்தான் பிடிப்பார்கள். நானும் முன்னால் அப்படித்தான் பிடித்தேன். எப்போது உதறுவதை நிறுத்தினேன் என்பது எனக்கே தெரியாது. ஒருநாள் மதினிதான் கவனித்தார்.

"ஏத்தா, நெய் இப்பத்தான் அடுப்புலருந்து வந்துச்சு. நீ பாட்டுக்குப் பிடிக்கிற?"

"அப்படி ஒன்னும் சுடலையே மதினி."

மதினி ஒரு உருண்டையை வாங்கிப் பார்த்து, மடியில் போட்டுக்கொண்டு விரலை வாயில் வைத்தார். எனக்கு ஒரே சிரிப்பு. பிறகு அது பழக்கமாகிவிட்டது. கொழுக்கட்டை மாவில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கரண்டிக் காம்பால் கிளறாமல் நேரே கையை விட்டுப் பிசைவேன். இட்லிக் கொப்பரை மூடியைத் துணியில்லாமல் தூக்குவேன். எங்களிடம் வழக்கமாகப் பலகாரம் வாங்கும் ஆச்சி ஒருவர் உண்டு. மகள்களுக்கெல்லாம் எங்களிடம்தான் சீர்ப் பலகாரம் சொன்னவர். ஒருதடவை அடுப்படிக்கே வந்து நின்று பார்த்துவிட்டு, "உனக்கு கை என்ன இரும்புல வார்த்ததா ஆத்தா? உங்க மதினி பிடிச்சது வேணாம், இந்தக் கை பிடிச்சதைத் தனியா வையி" என்றார். மதினிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கிற்று. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் அடுப்பில் நின்றதற்குக் கை காய்த்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பலகாரக்காரி வேறு என்ன நினைப்பாள்?

விரல் ஓரத்தில் கொப்புளம் கிடக்கும், எப்போது பட்டது என்று தெரியாது. அடுப்படியில் நிற்கிற யாருக்குத்தான் கொப்புளம் இல்லை என்று விட்டுவிடுவேன். ஜாக்கெட் கொக்கியை மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டம்ளர் கையில் இருக்கும்போதே நழுவும். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே இருக்கிற சதை குழிந்துபோயிருந்ததை ஒருநாள் பாத்திரம் கழுவும்போது பார்த்தேன். மதினியிடம் காட்டினேன். "எத்தன மூடை மாவு பிசைஞ்ச கை. தேயாம என்ன செய்யும்?" என்றார். தண்ணீர் குடித்தால் அடிக்கடி புரையேறியது. யாரோ நினைக்கிறார்கள் என்றார் என் கணவர். சர்க்கரையாக இருக்குமோ என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் கைவசம் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒன்றாக இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் மகளுக்குத் தலைப்பிரசவம். பெண்குழந்தை. தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட யார் என்ற பேச்சு வந்தபோது மதினி யோசிக்கவே இல்லை. அவருக்கு இடுப்பு வலி, கீழே காலை நீட்டி உட்கார்ந்தால் எழ முடியாது. அதுமட்டுமில்லை, எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு வெந்நீர் நல்ல சூடாக ஊற்ற வேண்டும் என்பார்கள். அப்போதுதான் உடம்பு வலி போய் அசந்து தூங்குமாம். சூடு தாங்காத கைக்காரர்கள் பச்சைத்தண்ணீரை விட்டு விட்டு வெந்நீரைப் பச்சைத்தண்ணியாக்கிவிடுவார்கள் என்று ஒரு குறை. "நீயே ஊத்து. உன் கைக்குத்தான் சூடு தாங்கும்" என்றார் மதினி. அண்ணன் மகளும், "அயித்தையே ஊத்தட்டும்மா" என்றாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

காலை வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து அண்ணன் மகள் மடியில் வைத்திருந்தாள். நான் மணையில் உட்கார்ந்து சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் காலை நீட்டிக்கொண்டேன். அண்டாவில் வெந்நீர். பச்சைத்தண்ணீர் விட்டு விளாவி, வலது கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புத்தான். "பதமா இருக்கு, பிள்ளையைக் குடு" என்று சொன்னேன். சில்லென்ற காலில் பிள்ளையைப் போடக்கூடாது, அதனால் முதல் செம்புத் தண்ணீரை நம் காலில்தான் ஊற்றிக்கொள்வோம். ஊற்றினேன்.

சுரீரென்றது. காலை இழுத்துக்கொண்டேன். செம்பு உருண்டு ஓடியது.

மறுபடியும் கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. இன்னும் ஒரு செம்பு எடுத்து மற்றக் காலில் கொஞ்சமாக ஊற்றினேன். அதுவும் எரிந்தது. அந்த நிமிடம் நான் நினைத்ததை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே பரிதாபமாக இருக்கிறது. காலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கை பேர் வாங்கிய கை, அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

"மதினி, இங்குட்டு வாங்க. என் காலுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றேன்.

மதினி வந்து என் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சிவந்து கிடந்தது. குனிந்து அண்டாவில் விரலை விட்டவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "ஆத்தாடி, கொதிக்குது. இதையாத்தா பிள்ளைக்கு ஊத்தப் போன?" அவர் கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அண்ணன் மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள். நான் கையை அந்த வெந்நீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினிதான் என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்தார். கை சிவந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு மதினியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டினார். அண்ணன் மகள் அதன் பிறகும் குழந்தையை என்னிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். அது அவள் தப்பில்லை, நானாக இருந்தாலும் நின்றிருப்பேன். ஆனாலும் வலித்தது.

மதுரையில் இந்தத் தடவை வேறு டாக்டர். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, "பஞ்சா, ஊசியா, சொல்லுங்க" என்று கை முழுக்கத் தொட்டுக்கொண்டே வந்தார். பஞ்சு என்றேன். பஞ்சு, பஞ்சு, மறுபடியும் பஞ்சு. நடுவில் கண்ணைத் திறந்துவிட்டேன். அவர் கையில் ஊசி இருந்தது. என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீர், இன்னொன்றில் ஐஸ் தண்ணீர் நிரப்பி என் கையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் எனக்கு வெறும் கண்ணாடியாகத்தான் தெரிந்தன.

புதிய ஸ்கேனில் கழுத்துத் தண்டுவடத்துக்கு நடுவே நீர் கோத்து நின்றது, பென்சில் போல நீளமாக. மூளையைச் சுற்றி ஓடுகிற நீர் போய்வர வழியில்லாமல் உள்ளே தேங்கி, தண்டுவடத்தை உள்ளிருந்தே விரித்திருக்கிறது என்று விளக்கினார். "தொட்டா தெரியுறதுக்கு ஒரு பாதை, சுட்டா தெரியுறதுக்கு வேற பாதைம்மா. சூட்டுக்கான பாதை தண்டுவடத்துக்கு நடுவுல குறுக்க போகுது. முதல்ல அடிபடுறது அதுதான். அதனாலதான் மாவு தெரியுது, சூடு தெரியல."

"அப்ப மாவுருண்டை?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆச்சி மெச்சிய கை, மதினி முகம் சுருங்கிய கை, எல்லாம் இதுதான். ஊரே கூடி என் நோயைப் பாராட்டியிருக்கிறது, நானும் நின்று வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

"தலைவலி கொறஞ்சுருச்சே சார், கொறஞ்சா நல்லதுதானே?" என்றார் என் கணவர்.

"வலியை வச்சு இதை அளக்க முடியாதுங்க. முதல்ல பாத்தவர் சொன்னது தப்பில்ல, எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. ஆனா அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்கணும்."

"இப்படியே விட்டா?"

"கை பலம் இன்னும் போகும். நடை தடுமாறலாம். முழுங்குறது கஷ்டமாகலாம். காலுக்கும் இதே மாதிரி வரலாம். எப்ப, எதுவரைக்கும்னு சொல்ல முடியாது."

"ஆபரேஷன் பண்ணுனா கைக்குச் சூடு திரும்பத் தெரியுமா?"

"பின்மண்டையில கொஞ்சம் எலும்பை எடுத்து இடம் பண்ணிக் குடுப்போம். இதுக்கு மேல போகாம நிறுத்தப் பாக்கலாம். போனது திரும்புமான்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவர் அதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். திரும்பாது என்றால் எதற்கு மண்டையைத் திறப்பது? திறக்காவிட்டால் இருப்பதும் போகுமே. திறந்து ஏதாவது ஆகிவிட்டால்? திருப்பத்தூர் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தி டீ வாங்கி வந்தார். கிளாஸை என்னிடம் நீட்டியவர், சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். ஊதி ஊதி ஆற்றிவிட்டுத்தான் கொடுத்தார்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அண்ணன் நாட்டு வைத்தியம் பார்க்கலாம் என்றார். மதினி சாமி கும்பிட்டுவிட்டு முடிவெடுப்போம் என்று காளையார்கோவிலுக்குக் கூட்டிப்போனார். சந்நிதியில் நின்றபோது எனக்கு என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. சூட்டைக் கொடு என்றா, கத்தியில்லாமல் கொடு என்றா? கல் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தேன். வெளியே வந்தபோது வெயில் ஏறி வெளிப்பிராகாரம் காய்ந்துகொண்டிருந்தது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நடக்கும்போதுதான் தோன்றியது. கை பொய் சொன்ன அன்றைக்குக் கால் உண்மையைச் சொன்னது. காலும் போய்விட்டால் எனக்கு யார் சொல்வார்கள்? அந்த ஒரு செம்பு காலிலும் வெதுவெதுப்பாக இருந்திருந்தால் அடுத்த செம்பு எங்கே விழுந்திருக்கும்? அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

"ஆபரேஷன் பண்ணிக்கிறேன் மதினி" என்றேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது தெரிந்தது. அவர் கை சூடா குளிர்ச்சியா என்பது தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து பின்மண்டையில் முடியெல்லாம் மழித்து, தையலோடு வீட்டுக்கு வந்தேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் பல நாள் பொம்மை போல உட்கார்ந்திருந்தேன். முதல் தும்மல் வந்தபோது பழைய பழக்கத்தில் இரண்டு கையாலும் மண்டையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். தையல் இழுத்தது, அவ்வளவுதான். குறைந்தும் மிச்சமிருந்த அந்த வலிகூட வரவே இல்லை. வர வேண்டியது வராமல் போனதில் ஒன்றும் புரியாமல் விழித்தேன். "என்ன, பஸ்ஸை விட்டவ மாதிரி நிக்கிற?" என்றார் என் கணவர். பல வருடங்களுக்குப் பிறகு பிடரியை நினைக்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அவர் அழுதுவிட்டார்.

கைக்கு மட்டும் சூடு திரும்பவில்லை. நழுவுவது குறைந்திருக்கிறது, கொக்கி மாட்ட முடிகிறது. அடுத்த ஸ்கேனில் நீர் வற்றியிருக்கிறது, இனி வருடம் தவறாமல் வர வேண்டும் என்றார்கள். சில நாள் அடுப்புக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினால் என்னவோ ஊர்வதுபோல இருக்கும். அது சூடா, ஆசையா என்று எனக்கே பிடிபடுவதில்லை. ஆறிப்போன பாத்திரத்தையும் துணி பிடித்துத்தான் தூக்குகிறேன். ஆச்சி போன் செய்து, "அந்தக் கை பிடிச்ச மாவுருண்டை எப்ப ஆத்தா வரும்?" என்று கேட்டார். மதினி போனை வாங்கி, "அது இனிமே வராது ஆச்சி. நான் பிடிச்சுத் தாரேன், கொஞ்சம் உதிரும், பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் மகள் புருஷன் வீட்டுக்குப் போய், பொங்கலுக்கு வந்திருந்தாள். குழந்தை நன்றாகத் தவழ்கிறது, எதைக் கண்டாலும் பிடித்து நிற்கப் பார்க்கிறது. காலையில் முற்றத்தில் மணையைப் போட்டாள். மதினி குளிப்பாட்டப் போகிறார் என்று நான் விலகி நின்றேன்.

"அயித்தை, உக்காருங்க" என்றாள்.

"நான் வேணாம்த்தா. உங்க அம்மா ஊத்தட்டும்."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தேன். அவளே என் சேலையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கிவிட்டாள். அண்டாவைக் கிட்டே இழுத்துத் தண்ணீரை விளாவினாள். நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். அவள் அந்தக் கையைப் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு செம்பு மொண்டு என் காலில் மெதுவாக ஊற்றினாள். ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சொல்றீக அயித்தை?"

கால் கொஞ்சம் சூடு என்றது. "இன்னும் ஒரு செம்பு பச்சைத்தண்ணி விடு" என்றேன். விட்டுவிட்டு மறுபடி என் காலில் ஊற்றினாள்.

"இப்ப?"

"இப்பச் சரியா இருக்கு."

அவள் அண்டாவில் தன் விரலை விட்டுப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கி என் காலில் குப்புறப் போட்டுவிட்டு, துண்டு எடுத்து வர உள்ளே போய்விட்டாள்.